விஜயதசமி காலையின் இரைச்சல்

எங்கள் வீட்டு ரேடியோவில் இரைச்சல் வரத் தொடங்கியது, ஈரண்ணா தன் மிளகாய்த்தூள் மில்லுக்கு டிரைவ் வாங்கிய வருடம்.

மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் கணவர் குருசித்தப்பா அந்த மில்லில் எலக்ட்ரீஷியன். வீடும் மில்லைச் சேர்ந்தது. கரண்ட் இரண்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்து வந்தது. பழைய அரவை மோட்டார் ஒரே வேகத்தில்தான் ஓடும். அரைத்த தூள் சூடாகி வரும். பேடகி மிளகாயை உறைப்புக்காக யாரும் வாங்குவதில்லை, நிறத்துக்காக வாங்குகிறார்கள். சூடு ஏறினால் அந்தச் சிவப்பு செங்கல் பொடி போல ஆகிவிடும். டிரைவ் என்பது ஒரு பெட்டி. அதில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் மோட்டார் சொன்னபடி மெதுவாக ஓடும். பெட்டி வந்த வாரமே தூள் நிறம் மாறாமல் இறங்கியது. ஈரண்ணா ஊருக்கெல்லாம் உள்ளங்கையில் கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் ரேடியோ இருக்கும், நாள் முழுக்க தார்வாட் நிலையம் பாடும். டிரைவ் போட்ட அன்று மதியம் பாட்டு நடுவில் அறுந்து, ஒரு உறுமல் வந்து உட்கார்ந்தது. சாப்பிட வந்தவரிடம் கேட்டேன்.

"ஏங்க, உங்க புது மிஷினுக்கு என் ரேடியோ மேல என்ன கோபம்? யாரோ தகரத்தை ரம்பம் போட்டு அறுக்கற மாதிரி இருக்கு."

"அது மிஷின் இல்ல சுலோ. நான்தான். அங்கேருந்து உன்னைக் கூப்பிடறேன்."

"கூப்பிடற லட்சணமா இது? எருமைக்குக்கூட இதைவிட நல்ல குரல்."

அவர் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிட்டார். சோள ரொட்டியைத் தட்டில் அடுக்கி வைத்து யாரும் அவரை ஏமாற்ற முடியாது. கல்லிலிருந்து கைக்கு வரவேண்டும். நடுவில் ஒரு நிமிடம் போனாலும் "இது நேத்து ரொட்டியா?" என்பார்.

சில நாட்கள் எரிச்சலாக இருந்தது. பிறகு உறுமலுக்குள் கேட்கப் பழகினேன். மோட்டார் நின்றால் பாட்டு திரும்பி வரும். அவர் குமிழைக் கூட்டினால் உறுமல் தடிக்கும், குறைத்தால் மெலியும். ஒருநாள் மாலை, "டீக்கு முன்னாடி அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"பெல்ட் நழுவிச்சு. உனக்கு யார் சொன்னா?"

"உங்க எருமைதான்."

அவர் ரேடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் மதியம் நான் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது, உறுமல் மெல்ல இறங்கியது. தாழ்வான நிலைப்படியில் ஒருவர் குனிவது போல. குனிந்தபடியே சற்று நின்றது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி அதே போல் இறங்கி ஏறியதும் எழுந்துபோய்க் கல்லை அடுப்பில் வைத்தேன். முதல் ரொட்டி உப்பும்போது சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் நின்றார்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மதியத்துக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

இரைச்சல் என் ரேடியோவோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இருந்திருக்காது. மில்லில் பாக்கெட் கட்டும் பெண்களுக்குத் தலைவி போல இருந்தவள் மாபூபி. அவர்கள் பகுதியில் எண்கள் ஒளிரும் ஒரு தராசு இருந்தது. தூள் கொட்டும்போதே எடை பார்த்து, சரியான அளவு வந்ததும் தானாக வாயை மூடிக்கொள்ளும். டிரைவ் வந்த பிறகு அதன் எண்கள் குதிக்க ஆரம்பித்தன.

"அண்ணா, இந்தத் தராசு சந்தைக்குப் போன பொம்பளை மாதிரி ஆயிடுச்சு. ஒரு விலையில நிக்க மாட்டேங்குது" என்று மாபூபி என் கணவரிடம் முறையிட்டாளாம். அவர் வந்து பார்ப்பதற்குள் தராசின் மேல் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள்.

"மிளகாய் மில்லுல மிளகாய் கட்டித் திருஷ்டி கழிக்கற ஒரே ஆள் நீதான் மாபூபி."

"இங்க இருக்கற மிளகாயெல்லாம் காய்ஞ்சது அண்ணா. அதுக்கு சக்தி போதாது. அதான் சந்தையில பச்சையா வாங்கினேன்."

தாவணகெரேயிலிருந்து ஒரு கடைக்காரர் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். ஒரு பாக்கெட் எடை குறைவு, ஒன்று கூடுதல். ஈரண்ணாவின் முகம் தொங்கிப்போயிற்று. என் கணவர், டிரைவ் வாங்கிய ஹுப்பள்ளிக் கடைக்குப் போன் செய்து, வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கினார்.

"டிரைவ் கரண்டைப் பொடிப்பொடியா நறுக்கி மோட்டாருக்குப் போடுது. நறுக்கும்போது தெறிக்கற தூள் இருக்கே, அது வயர் வழியா எங்கெல்லாம் வழி கிடைக்குதோ அங்கெல்லாம் போகுது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா தராசு தும்முது. உன் ரேடியோவும் தும்முது."

"அதுக்கு மருந்து?"

"ஃபில்டர்னு ஒண்ணு இருக்காம். மாபூபி வாயில துணி கட்டிக்கறா இல்ல, அந்த மாதிரி டிரைவோட வாயில கட்டணும்."

ஃபில்டர் என்று வந்தது, கைக்கு அடக்கமான ஒரு இரும்பு டப்பா. நான்கு கால், இரண்டு பக்கமும் வயர் மாட்டும் இடம். அதைப் பேனலுக்குள், டிரைவுக்கு முன்னால் பொருத்தினார். மோட்டார் போட்டார்கள். தராசு முன்போலவே குதித்தது. எருமையும் முன்போலவே உறுமியது. அவர் மதியம் வந்து சாப்பிடாமல் ரேடியோவைக் கழற்றி, பாட்டரி போட்டு எடுத்தார்.

"வா. இதைப் பிடிச்சுக்கிட்டு பேனல் பக்கத்துல நில்லு."

"நான் எதுக்கு?"

"தராசு குதிக்கறதுதான் எனக்குத் தெரியுது, ஏன்னு தெரியல. இந்தப் பெட்டிக்குத்தான் காது இருக்கு."

நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரேடியோவை மார்போடு அணைத்தபடி பேனல் அருகே நின்றேன். அவர் ஒரு வயரை நகர்த்திப் பார்த்தார், இன்னொன்றைச் சுருக்கினார். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, காத்திருந்து, திருத்தி, மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஹுப்பள்ளிக்காரரிடம் மறுபடி பேசினார். அந்த மனிதர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: அடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டினீங்களா?

டப்பாவின் கால்கள் பேனல் தகட்டின் மேல் நின்றன. தகட்டின் மேல் பெயின்ட். டப்பா பிடித்த கரண்ட் தூள் இரும்பில் இறங்க வழியில்லை. அவர் டப்பாவைக் கழற்றி, ஒரு துண்டு ரம்பப் பட்டையால் அந்த இடத்தை மட்டும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்கினார். மோட்டார் ஓடத் தொடங்கியது.

என் கையிலிருந்த ரேடியோவில் ஒரு பெண் பாதிப் பாட்டில் இருந்தாள். அவள் குரல் அவ்வளவு தெளிவாக அந்த மில்லுக்குள் வந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பால் மாபூபி, "நின்னுடுச்சு அண்ணா, நின்னுடுச்சு" என்று கத்தினாள். தராசின் எண்கள் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் பாட்டுக் கேட்டுக்கொண்டே தைத்தேன். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று, அதற்குப் பிறகு செய்தி. வாசலில் நிழல் விழுந்தது.

"என்ன சுலோ, இன்னைக்கு உபவாசமா?"

"நீங்க கூப்பிடலையே."

அவர் செருப்பைக் கழற்றாமல் சற்று நின்றார். "ஆமா இல்ல" என்றார். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அதன் பிறகு எல்லா வீட்டையும் போல நாங்களும் கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டோம்.

பிறகு தசரா வந்தது.

எங்கள் பக்கத்து மில்களில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாட்களில் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பது வழக்கம். அரவை மெஷின் ஓட்டும் நிங்கப்பாவுக்கு அதில் பெரிய ஈடுபாடு. தூசி தட்டி, சாமான்களைக் கழற்றி, அடி, உள், மூலை என்று ஓர் இடம் விடமாட்டான். ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் பச்சை. இடம் விட்டுப் பூசினால் தேவி கோபிப்பாள் என்பது அவன் நம்பிக்கை. பூஜையன்று மெஷின்கள் ஓடாது. குங்குமமும் சாமந்தியும் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்து, ஒரு கைப்பிடி மிளகாய் போட்டு, சம்பிரதாயத்துக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். பாக்கெட் வேலை அதற்கடுத்த நாள்தான்.

அந்த விஜயதசமி காலையில் சுவருக்கு அப்பால் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. உடனே ரேடியோவில் எருமை வந்து நின்றது. நான் திகைப்பதற்குள் உறுமல் மெல்ல இறங்கி, குனிந்து நின்று, மெல்ல ஏறியது.

நான் தனியாகச் சமையலறையில் நின்று சிரித்தேன். கல்லை வைத்தேன்.

"பார்த்தியா," என்றார் அவர், வாசலில் நின்று. "நிங்கா டப்பாவைக் கழற்றி அடியில பூசிட்டு மறுபடி மாட்டியிருக்கான். இன்னும் ஈரம்கூடக் காயல."

"உடனே சுரண்டலையா?"

"சாப்பிட்டுட்டுப் போய்ச் சுரண்டறேன். இன்னைக்குத் தராசுக்கு லீவுதானே."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே கூத்து நடந்தது. நிங்கப்பா பூசுவான். விஜயதசமி காலையில் இவர் அழைப்பார். சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சுரண்டுவார். பிறகு இருவரும் சண்டை போடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"ஏ நிங்கா, இந்த நாலு காலுக்கு அடியில மட்டும் பூசாதேன்னு போன வருஷமே சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணா. பிரஷ் கையில இருக்கும்போது ஞாபகம் வரமாட்டேங்குது."

"வருஷா வருஷம் உன் பக்தியை நான் சுரண்ட வேண்டியிருக்கு."

"புண்ணியத்துல உங்களுக்கும் பங்கு வரட்டும்னுதான் அண்ணா."

அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டால் போதும். அவருக்குத் தெரியாதது இல்லை. அவர் ஒட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அவர் போனது சிராவண மாதத்தில். பேரிங் வாங்க ஹாவேரிக்குப் போனவர், திரும்பும்போது பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார், எழவில்லை. பக்கத்தில் இருந்தவர், தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பஸ்களை அவருக்காக விட்டுக்கொடுத்தாராம். பேரிங் பொட்டலம் மடியிலேயே இருந்தது. ஈரண்ணா வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அண்ணி, இந்த வீடு உங்க வீடு. அதைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க பேசக் கூடாது" என்றான். அந்தப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தேன்.

வீட்டில் அவருடைய சட்டைகளில் மிளகாய் வாசனை இருந்தது. மடித்து வைக்க எடுத்தால் தும்மல் வரும். தும்முவதற்காகவே எடுத்த நாட்களும் உண்டு. ஆனால் குரல் எங்கும் இல்லை. அவர் குரலைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. பக்கத்து அறையில் இருப்பவரை யார் பதிவு செய்வார்கள்?

அந்த வருட தசராவுக்கு நான் மில்லுக்குப் போகவில்லை. விஜயதசமி காலையில் ஒரு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் தேங்காய் உடைந்தது. மோட்டார் எழும்பியது. ரேடியோவில் அந்த உறுமல் வந்தது.

ஊசி துணியில் பாதி நுழைந்தபடி நின்றது. எல்லாம் அதே. அதே கனம், அதே தகர நடுக்கம். கண்ணை மூடினால் அவர் குமிழ் அருகே நின்றுகொண்டிருந்தார். இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. ஒரே தடிமனில் ஓடி, நின்றுவிட்டது. பாட்டு திரும்பி வந்தது. எனக்கு அந்தப் பாட்டின் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மாலையில், வன்னி இலையைப் பொன்னென்று ஒருவருக்கொருவர் கொடுக்க ஊரே வீடு வீடாகப் போனது. என் வீட்டுக்கும் வந்தார்கள். ஈரண்ணா என் கையில் இலையை வைத்துக் காலைத் தொட்டான். நிங்கப்பா கையில் பச்சைப் பெயின்ட் இன்னும் போகவில்லை. மாபூபி தன் பங்கு இலையைக் கொடுத்து, "பொன் போல இருப்போம் அக்கா" என்றாள். எல்லோரும் சொல்லும் வாழ்த்துதான். அவள் சொல்லி முடித்து என் கையை உடனே விடவில்லை. நான் பெயின்ட்டைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் மில் முழுதாக ஓடியது. காலையிலிருந்து மாலைவரை உறுமல். நான் ரேடியோவின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். ஒரு நிகழ்ச்சியும் காதில் விழாது. அளவு எடுக்க வந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு, "அணைச்சிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் எழுந்து வாசலைப் பார்த்தேன். யாரும் வரப்போவதில்லை என்பது தெரியும். கால் தானாக எழுந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் மாபூபி சாப்பாட்டு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். வாயில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தராசு திரும்ப ஆட ஆரம்பிச்சிடுச்சு அக்கா. பாக்கெட் பாக்கெட்டா கைத்தராசுல போட்டுப் பார்த்து ஒட்டறோம். தோள்பட்டை என்னோடதா இன்னொருத்தியோடதான்னு தெரியல. ஈரண்ணா ஹுப்பள்ளிக்குப் போன் பண்ணினார். அவங்க ஆள் தீபாவளி கழிச்சுத்தான் வருவானாம்."

நான் கத்திரிக்காய்க் கறியை அவள் தட்டில் வைத்தேன். அவள் ரேடியோவைப் பார்த்தாள்.

"இது என்ன, இப்படி அலறுது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்கே?"

"இருக்கட்டும்."

அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். மாபூபி வாயாடி, ஆனால் மந்தமானவள் அல்ல.

"இது அண்ணா நிறுத்தின சத்தம்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"எப்படி நிறுத்தறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சுவருக்கு அப்பால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் எருமை நின்றுகொண்டிருந்தது. அவள் ரொட்டியைக் கறியில் தோய்த்து நிதானமாக மென்றாள். தட்டை வழித்தாள். கை கழுவிவிட்டு வந்து துணியை மறுபடி வாய்க்கு மேலே ஏற்றினாள்.

"நாளைக்கும் கைத்தராசுல போட்டுக்கறோம். ஒரு நாள்ல தோள் ஒண்ணும் கழண்டு விழாது" என்றாள். "உன் கத்திரிக்காய்ல உப்பு கம்மி."

அவள் கொடுத்த அந்த நாளை நான் முழுக்க ரேடியோ பக்கத்திலேயே கழித்தேன். தைக்கவில்லை. மாலையில் மில் நின்று பெண்கள் வெளியே வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாபூபி இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தோளைப் பிடித்திருந்தார்கள். என் ஜன்னலைத் தாண்டும்போது அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் அவருடைய தகர டப்பாவைத் திறந்து, ரம்பப் பட்டையை எடுத்தேன். ஒரு நுனியில் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது, என் புடவைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். அவர் போன பிறகு நான் மில்லுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

ஈரண்ணா எழுந்து நின்றான். "அண்ணி, என்ன வேணும்னு சொல்லி அனுப்பியிருந்தா..."

"தராசுல தப்பில்ல ஈரண்ணா. டப்பாவுக்கு அடியில பெயின்ட் இருக்கு. அவர் வருஷா வருஷம் சுரண்டுவார்."

நிங்கப்பா நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா. இந்த வருஷம் யாரும் திட்டலையேன்னு நினைச்சேன். திட்ட ஆள் இல்லைங்கறது..." அவன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெயின் சுவிட்ச் பக்கம் போனான்.

"இரு நிங்கா. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும். நான் வீட்டுக்குப் போறேன். நான் உள்ளே போனதும், குமிழை மெல்ல இறக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெல்ல ஏத்து."

"எதுக்கு அக்கா? டெஸ்ட்டா?"

"ஆமா. டெஸ்ட்."

ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். ரேடியோ முன்னால் நின்றேன். உறுமல் சட்டென்று விழுந்தது, கிணற்றில் வாளி விழுவது போல. விழுந்த வேகத்திலேயே ஏறியது. சரியாகச் செய்தோமா என்ற சந்தேகத்தில் போலும், நிங்கப்பா இன்னொரு முறையும் அதே அவசரத்தோடு இறக்கி ஏற்றினான். அவ்வளவுதான்.

அவர் இறக்கும்போது ஒரு தயக்கம் இருக்கும். மோட்டாருக்கு வலிக்குமோ என்பது போல. குனிந்து நிற்கும் அந்த இடத்தில் இவள் கேட்டாளா என்று காத்திருப்பது போல. அது குமிழில் இருந்ததில்லை. இத்தனை நாளாக ரேடியோவில் நான் தேடியது ரேடியோவில் இருந்ததில்லை. வெறும் இரும்புச் சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இருந்தாலும் அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு மறுபடி சுவரைச் சுற்றி நடந்தேன்.

"சரியா வந்துச்சா அக்கா?" என்று நிங்கப்பா கேட்டான்.

"வந்துச்சு."

அவன் சுவிட்சை இறக்கிவிட்டு, திருப்புளியோடு பேனலுக்குள் கையை நீட்டினான்.

"கை வைக்காதே. நிறுத்தினாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் உட்கார்ந்திருக்கும்."

"அண்ணாவும் இதையேதான் சொல்வார்" என்றான் நிங்கப்பா. "சொல்லிட்டு டீ கேட்பார்."

டீ வந்தது. பேனலுக்கு முன்னால் நின்று குடித்தோம். பெட்டியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்து, பிறகு அணைந்தது. நிங்கப்பா டப்பாவைக் கழற்றினான்.

அடியில் புதுப் பச்சை. சுரண்டியதும் அது சுருள் சுருளாக வந்தது. ஓரங்களில் பழைய வருடங்கள் தெரிந்தன. ஒரு நீலம், ஒரு பச்சை, மறுபடி நீலம், ஒவ்வொன்றும் அவர் சுரண்டிய எல்லைவரை வந்து நின்றிருந்தன. நடுவில் இரும்பு. இரும்பில் அவருடைய கீறல்கள். அவருக்கு இடதுகைப் பழக்கம். கீறல்கள் எல்லாம் வலமிருந்து சரிந்து இறங்கின, அவர் கையெழுத்தைப் போலவே. நான் என் வலது கையால் எவ்வளவு முயன்றும் என் கீறல்கள் அவற்றைக் குறுக்கேதான் வெட்டின. கொஞ்ச நேரம் பட்டையை இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். பிடி வழுக்கியது. மறுபடி வலது கையாலேயே முடித்தேன்.

"எர்த் வயர்தான் தனியா இருக்கே. அப்புறம் எதுக்கு இந்தச் சுரண்டல்?" என்றான் நிங்கப்பா. அவன் குற்றத்தைக் குறைக்கப் பார்த்தான்.

"வயர் நீளமாம். இந்தக் கரண்ட் தூளுக்கு அவ்வளவு தூரம் நடக்கப் பொறுமை இல்லையாம். நின்ன இடத்துலயே வாசல் வேணுமாம்."

டப்பாவை வைத்து இறுக்கினோம். மோட்டார் ஓடியது. பாக்கெட் பகுதியிலிருந்து சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மாபூபி தராசின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், இந்த முறை கத்தாமல், "நின்னுடுச்சு" என்றாள்.

என் வீட்டு ஜன்னலில் யாரோ ஒரு விவசாய அதிகாரி மிளகாய்ச் செடியில் இலை சுருளும் நோயைப் பற்றிப் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருந்தேன் அல்லவா.

"அடுத்த வருஷம் அந்த இடத்துல காகிதம் ஒட்டிட்டுப் பூசச் சொல்றேன் அண்ணி" என்றான் ஈரண்ணா. "நீங்க சிரமப்பட வேண்டாம்."

"வேண்டாம். பூசட்டும்."

"மறுபடி தராசு ஆடுமே."

"விஜயதசமி அன்னைக்குப் பாக்கெட் வேலை கிடையாதே. அன்னைக்கே நான் வந்து சுரண்டிடறேன்." அவன் முகத்தைப் பார்த்து, "இடம் விட்டுப் பூசினா தேவிக்குக் கோபம் வரும்" என்றேன்.

"இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன், யார் கேக்கறாங்க?" என்றான் நிங்கப்பா. மாபூபி துணிக்குப் பின்னால் சிரித்தாள், அல்லது அழுதாள். அந்தத் துணி இருந்தால் எதுவும் தெரியாது.

இப்போதும் தசரா வருகிறது. நிங்கப்பா பூசுகிறான். விஜயதசமி காலையில் தேங்காய் உடைந்ததும் ஜன்னலில் எருமை வருகிறது. நான் கேட்காமலேயே நிங்கப்பா குமிழை இறக்கி ஏற்றுகிறான். எதற்கென்று அவனிடம் நான் சொன்னதில்லை. டெஸ்ட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கை இன்னும் அவசரக் கைதான். இறங்கியது தெரிவதற்குள் ஏறிவிடுகிறது. மெல்லச் செய் என்று ஒருமுறை சொல்லலாமா என்று நினைத்ததுண்டு. சொல்லவில்லை. மெல்லச் செய்தாலும் அது அவன் மெல்லச் செய்வதாகத்தான் இருக்கும்.

நான் கல்லை அடுப்பில் வைக்கிறேன். முதல் ரொட்டி உப்பும்போது வாசலைப் பார்க்கிறேன். பிறகு அதைக் கையிலேயே வாங்கி, சூடு ஆறுவதற்குள் தின்றுவிட்டு, ரம்பப் பட்டையை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போகிறேன்.